துவக்குக்கு வைத்த பொட்டு

துவக்குக்குச் சந்தனப் பொட்டு வைத்த மனிதன் இந்த ரொறன்ரோ மாநகரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு யாரும் வந்து, "உவர்தான் அந்த ஆள்" என்று கையைக் காட்டத் தேவையில்லை. ஒரு பொட்டு என்றால் கை தவறிப் பட்டது என்று சொல்லித் தப்பலாம். நான் வைத்தது மூன்று. ஒவ்வொன்றும் ஒரு டொலர் நாணயக் குற்றி அகலம், நடுவில் குங்குமம், ஈரம் காயாமல் மேலே ஒரு செவ்வந்திப் பூ வேறு. அந்தத் துவக்கு (துப்பாக்கியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) என்னுடையதும் அல்ல. என் மகள் வாழப் போன வீட்டுக்காரருடையது. அதாவது என் சம்பந்தியுடையது. என்னைக் கண்டாலே முகத்தை மற்றப் பக்கம் திருப்புவதற்கு அவரிடம் அதற்கு முன்பே போதுமான காரணங்கள் இருந்தன. நான் போய்ப் புதிதாக மூன்று காரணங்களை வட்டவட்டமாக வைத்துவிட்டு வந்தேன்.

சாதாரணத் துவக்கு என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். நூற்றிருபத்தைந்து வருசத்துக்கு மேற்பட்டது. கனடாச் சட்டமே அதைப் பழம்பொருள் என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. குழல் வட்டமாக இராது, எட்டுப் பட்டையாக இருக்கும். விசைக்குக் கீழே ஓர் இரும்பு வளையம். அதற்குள் விரல்களை விட்டுக் கீழே தள்ளி மேலே இழுத்தால், சுட்ட தோட்டாவின் கோது வெளியே துள்ளும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். லீவர் துவக்கு என்பார்கள். அந்தக் கால அளவுத் தோட்டா இப்போது எந்தக் கடையிலும் இலகுவில் கிடைக்காது. ஆகவே சம்பந்தி பிக்கரிங்கில் உள்ள தன் வீட்டு பேஸ்மென்றில் ஒரு சின்ன இயந்திரத்தை மேசையில் பூட்டி, ஈயமும் வெடிமருந்தும் அளந்து தானே தோட்டா செய்வார். முதல் தடவை அதைப் பார்த்தபோது, "என்ன சம்பந்தி, பணியாரமோ?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தராசில் தூசி விழுகிறது, தள்ளி நில்லுங்கள் என்றார். நான் சொன்னதுக்குச் சிரிக்காமல் விட்டால் பரவாயில்லை. என்னைத் தூசியாக்கிவிட்டார்.

அவர் மட்டக்களப்புப் பக்கம். வயலில் இறங்கும் பன்றிகளைக் கலைப்பதற்காக அவருடைய தகப்பன் லைசென்ஸ் துவக்கு வைத்திருந்தாராம். எங்கள் யாழ்ப்பாணத்து ஊரில் நான் நேருக்கு நேர் சந்தித்த மிகப் பெரிய காட்டு விலங்கு கீரி. இதை அவரிடம் நானே சொல்லித் தொலைத்திருந்தேன். அதற்குப் பிறகு சபையில் யாழ்ப்பாணம் என்ற சொல் வந்தாலே, "கீரி பத்திரம்" என்பார். நல்ல பகிடிதான். நான் சொல்லியிருந்தால் கைதட்டு வாங்கியிருப்பேன். அவர் அதைச் சிரிக்காமல் சொல்வார். அதுதான் எனக்குத் தாங்காது.

எண்பதுகளில் அவர் அகதியாக வந்து, மரத்தளபாடத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தபோது, அங்கே போர்மனாக இருந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர்தான் அவரை முதல் முதலாக இந்த நாட்டுக் காட்டுக்குள் மான் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனவர். பத்துப் பதினைந்து நவம்பர்கள் இருவரும் ஒன்றாகப் போனார்கள். ஒருவருக்கு ஆங்கிலம் வராது, மற்றவருக்குத் தமிழ் வராது, இருவருக்கும் கதைக்கவே பிடிக்காது. பொருத்தம் பத்தும் சரி. போர்மன் சாகும் முன்பு அந்தத் துவக்கை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். சம்பந்தியின் வீட்டுச் சுவரில் தாய் தகப்பன் படம் இருக்கிறது, கல்யாணப் படம் இருக்கிறது. போர்மனின் படம் கிடையாது. அந்தத் துவக்குத்தான் படம்.

பகை எங்கே தொடங்கியது என்று கேட்டால், நான் கல்யாண மண்டபத்தைத்தான் காட்டவேண்டும். பெண்ணின் தகப்பன் இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்று மைக்கைத் தந்துவிட்டார்கள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன் நான். நாள் முழுவதும் அறுபது பிள்ளைகளின் சத்தத்துக்கு மேலே கத்தியே பழகியவன். என்னிடம் மைக்கைத் தருவது பெற்றோலுக்குப் பக்கத்தில் நெருப்புப்பெட்டியை வைப்பது போல. "சம்பந்தி, என்ரை பிள்ளையைக் கவனமாப் பாருங்கோ. அவள் நடையிலை கொஞ்சம் மான் மாதிரி. நவம்பரிலை மட்டும் வீட்டுக்கு வெளியிலை விட்டிடாதேங்கோ" என்றேன். நானூறு பேர் சிரித்தார்கள். வீடியோக்காரனின் கமெரா ஆடியது. முன் வரிசையில் பட்டு வேட்டியோடு இருந்த ஒருவர் மட்டும் தன் மணிக்கூட்டைப் பார்த்தார். நானூறு பேரின் சிரிப்பு இன்று எனக்கு ஞாபகமில்லை. அந்த மணிக்கூடு ஞாபகம் இருக்கிறது.

அடுத்த வருசம் சரஸ்வதி பூசை. மகள் வீட்டில்தான், அதாவது சம்பந்தி வீட்டில்தான் வைத்தார்கள். எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறவர்கள். அம்மனுக்கு முன்னால் புத்தகங்களையும் வேலைச் சாமான்களையும் அடுக்கி, பொட்டு வைத்து, தீபம் காட்டிவிட்டால், மறுநாள் விஜயதசமி காலை வரை அவற்றை யாரும் தொடக்கூடாது. படிக்கப் பஞ்சிப்பட்டுச் சோம்பியிருந்த வயதில் எங்களுக்கு மிகவும் பிடித்திருந்த ஒரே சட்டம் அது. மகளின் லாப்டொப், எலெக்ட்ரீசியனான மருமகனின் டெஸ்டர், சம்பந்தியம்மாவின் அகப்பை, என் பஸ் திறப்புச் சாவி எல்லாம் வரிசையாக இருந்தன. எல்லோருக்கும் ஆயுதம் இருக்கிறது, வீட்டுத் தலைவருக்கு இல்லையே என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வருகிற நேரங்களில் யாராவது என்னைப் பிடித்துக் கட்டி வைத்தால் இந்தக் குடும்பத்துக்குப் பெரிய உதவி.

பேஸ்மென்ற் மேசையில் துவக்கை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்துவிட்டு, பூசைக்காக அவர் குளிக்கப் போயிருந்தார். நான் அதைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தேன். உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று பார்க்கவும் எனக்குத் தெரியாது. இல்லை என்பது என் ஆயுள் பலம். அம்மன் படத்துக்கு முன்னால் சாய்த்து, எண்ணெய்ப் பசை இருந்தால் சந்தனம் ஒட்டாது என்று என் சால்வையால் அழுத்தித் துடைத்து, மூன்று பொட்டு வைத்து, மஞ்சள் தண்ணீரும் தெளித்தேன். சம்பந்தியம்மா அதைக் கவனிக்காமலே தீபம் காட்டி முடித்தார். எல்லோரும் கும்பிட்டுக் கண்ணைத் திறக்கவும், திருநீறு பூசிக்கொண்டு சம்பந்தி படியிறங்கி வரவும் சரியாக இருந்தது.

"ஆர் வச்ச?"

"அம்மனுக்கு வீணை ஒண்டு குறைஞ்சுது, சம்பந்தி" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் கையை நீட்டினார். சம்பந்தியம்மா பதறிப்போய், "ஐயோ, தொட்டிராதீங்க! தீபம் காட்டியாச்சு. விடிஞ்சாத்தான் எடுக்கலாம்" என்றார். நீட்டிய கை அப்படியே நின்றது. அம்மனை மீறவும் முடியாது, துவக்கை விடவும் முடியாது. துவக்கைப் பூட்டாமல் விட்டுவிட்டுப் போய்ப் படுக்க அவருக்கு மனம் வராது என்பதால், அன்றைக்கு அவர் அம்மனுக்கு முன்னால் சோபாவிலேயே கிடந்தாராம். என் பொட்டுகள் அவருடைய இரும்பைத் தின்பதைப் பார்த்துக்கொண்டே கிடந்திருப்பார். காலையில் துடைத்தபோது சந்தனம் போய்விட்டது, குங்குமம் போய்விட்டது. கறுத்துப் பளபளத்த பழைய இரும்பில் மண்ணிறமாக மூன்று வட்டங்கள் மட்டும் போகவில்லை. எண்ணெய்க்கும் போகவில்லை, எதற்கும் போகவில்லை. பஸ் திறப்பை எடுக்க வந்த நான் பக்கத்தில் நின்று, "மூக்குத்தி போட்ட மாதிரி வடிவாத்தான் கிடக்கு" என்றேன். இதை ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

"நூற்றிருபத்தஞ்சு வருசம் மழையத் தாங்கினது, பனியத் தாங்கினது. உங்கள ஒரு ராத்திரி தாங்க ஏலாமப் போச்சு" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்.

நிறுத்திவிட்டார் என்றால், முழுதாக. நான் தொலைபேசி எடுத்தால் குரலைக் கேட்டதும் ரிசீவரை மேசையில் வைத்துவிடுவார். வைத்த சத்தம் கேட்கும், பிறகு அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சலை நான் கேட்டுக்கொண்டிருப்பேன். கோயிலில் என்னைக் கண்டால், வலம் வருகிறவர் இடப்பக்கமாகத் திரும்பிவிடுவார். நானும் சும்மா இருக்கவில்லை. டோர்செட் பார்க்கில் எங்கள் மாடிக் கட்டடத்து லிப்ற்றில் ஏறுகிற தமிழ்ச் சனம் முழுவதுக்கும், மனிசனைவிடத் துவக்கைக் கட்டிப்பிடிக்கிற ஒருவரைப் பற்றி மாடிக்கு மாடி கதை சொன்னேன். பதினான்காம் மாடிக்காரருக்குத்தான் முழுக் கதையும் கிடைத்தது. சொல்லச் சொல்ல எனக்கு உண்மையிலேயே அவர் மீது வெறுப்பு ஏறியது. பிழை விட்டவனுக்கு வருகிற வெறுப்பு இருக்கிறதே, அதற்கு ஈடு இல்லை.

மகள் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. ஒரு நாள் எனக்குப் போன் எடுத்தாள். "அப்பா, ஐ ஆம் டன். அங்கயும் ஒரு மூஞ்சி, இங்கயும் ஒரு மூஞ்சி, நடுவில நான். பேபி வரேக்குள்ள நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சிருக்கோணும். இல்லாட்டி ஹொஸ்பிட்டலுக்கு ஒருத்தரும் வரவேண்டாம். சீரியஸ்லி." நான் ஒரு பகிடி சொல்ல வாயெடுத்தேன். போனை வைத்துவிட்டாள். என் பிள்ளை என்னிடம் போனை வைத்தது அதுதான் முதல் தடவை. யாரிடம் பழகினாள் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டு நாளில் சம்பந்தியின் நிபந்தனை மகள் வாயால் வந்தது. நவம்பர் இரண்டாம் கிழமை மான் வேட்டைக்கு ஒரு நாள் நான் அவரோடு காட்டுக்கு வரவேண்டும். காரை நான் ஓட்டவேண்டும். காட்டுக்குள் கால் வைத்ததிலிருந்து வெளியே வரும் வரை வாயைத் திறக்கக்கூடாது. ஒரு சொல் வந்தாலும் கணக்கு முடிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் மன்னிப்புக் கேட்டதாக எடுத்துக்கொள்வார். என் மனைவி இதைக் கேட்டுவிட்டுக் கவலையோடு, "உங்களாலை ஏலாதப்பா, நான் போகட்டே?" என்றாள்.

விடியற்காலை பிக்கரிங்கில் அவரை ஏற்றினேன். தன் கார் சேர்விஸுக்குப் போய்விட்டது என்று மகளிடம் சொல்லியிருந்தார். அது ட்ரைவ்வேயில் இலை மூடிக் கிடந்தது. என் பெற்றோலில் வேட்டைக்குப் போக நினைக்கிறார், கஞ்சன் என்று மனதுக்குள் எழுதி வைத்தேன். துவக்கைப் பூட்டிய பெட்டியோடு பின்னால் வைத்தார். நான் மறந்தும் அந்தப் பெட்டியைப் பார்க்கவில்லை. வடக்கே இரண்டரை மணித்தியாலம். காட்டுக்குள் கால் வைக்கும் வரை பேசலாம் என்பதால், ஒரு நாளைக்கான கதை முழுவதையும் முன்கூட்டியே கொட்டித் தீர்த்தேன். அவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். நான் என் சத்தத்தைக் கூட்டினேன். கடைசி அரைமணி நேரம் நானும் ரேடியோவும்தான் சண்டை போட்டோம்.

அவருக்குத் தெரிந்த, பண்ணை வைத்திருக்கிற கமக்காரர் ஒருவரின் காணி. எல்லையில் காரை விட்டு, ஆரஞ்சு நிற மேலங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டோம். வேட்டைக்காரன் இன்னொரு வேட்டைக்காரனைச் சுட்டுவிடாமல் இருப்பதற்காக. எனக்குத் தந்த அங்கி பெரிது. வீதி திருத்த வந்தவன் வழி தவறிக் காட்டுக்குள் போனது போல இருந்தேன். அவர் தலையை அசைத்து என்னை முன்னால் போகச் சொன்னார். கரடி வந்தால் முதலில் என்னைத் தின்னட்டும் என்று நினைக்கிறார் என எடுத்துக்கொண்டேன். பின்னால் அவர் என் காலடியைப் பார்த்து மெதுவாக வந்தார். வழியில் நிற்கிற மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தார். கோயில் தூண்களைத் தொட்டுக் கும்பிடுகிற மாதிரி. இந்த மனிசனுக்குக் காட்டில் இருக்கிற பக்தி ஆட்களில் இல்லையே என்று பல்லைக் கடித்தேன்.

விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் இரண்டு வாளிகளைக் கவிழ்த்துப் போட்டார். வலப்பக்க வாளியில் தான் இருந்துகொண்டு, இடப்பக்க வாளியை எனக்குக் காட்டினார். எங்களுக்கு முன்னால் சரிவும், சரிவின் அடியில் மான்கள் தண்ணீருக்கு வருகிற ஒற்றையடிப் பாதையும். துவக்கில் நான்கு தோட்டா ஏற்றினார். அந்த வளையம் கீழே போய் மேலே வந்த சத்தம் எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கதவு ஒன்றை ஒழுங்காகப் பூட்டியது போன்ற சத்தம்.

பிறகு மௌனம். பேசாமல் இருப்பது என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் மணித்தியாலத்திலேயே பதினொரு பகிடிகள் வாய் வரை வந்து திரும்பிப் போயின. வள்ளியைத் தேடி முருகன் வேடனாக வந்து, இந்தப் பக்கம் மான் ஏதும் வந்ததா என்று கேட்டது நினைவுக்கு வந்தது. முருகனுக்கு ஒரு சம்பந்தி கூட வந்திருந்தால் அந்தக் கல்யாணம் நடந்தே இராது என்று சொல்லவேண்டும் போல நாக்குத் துடித்தது. கடித்துக்கொண்டேன். குளிர் காலுக்குள்ளால் ஏறி முழங்காலில் வந்து தங்கியது. ஒரு அணில் வந்து எங்களை ஏசிவிட்டுப் போனது. அதற்கு இருந்த உரிமை எனக்கு இல்லை. பக்கத்தில் அந்த மனிதர் அசையவே இல்லை. மடியில் துவக்கு. பார்வை நேரே, ஆணி அடித்தது போல. மூச்சு விடுகிறாரா என்று இரண்டு தடவை பார்த்தேன். ஒரு வேளை இது வேட்டையே இல்லை, என்னைக் குளிரில் வைத்துப் பழிவாங்குகிற ஏற்பாடு என்றுகூட நினைத்தேன். மகளின் வயிற்றை நினைத்துக்கொண்டு இருந்தேன்.

மத்தியானம் தாண்டி, வெயில் சாய்கிற நேரம். என் இடப்பக்கம் சருகு ஒன்று நொறுங்கியது. கண்ணை மட்டும் திருப்பினேன். மான் நின்றது. முப்பது அடி இராது. கொம்பன், இரண்டு பக்கமும் நான்கு நான்கு கிளை. வயிறு ஏறி இறங்குவது தெரிந்தது, மூக்கில் ஆவி தெரிந்தது. காட்டு மானை நான் அவ்வளவு கிட்டத்தில் அதற்கு முன்பு கண்டதில்லை. அது நான் சொல்லித் திரிகிற பகிடிகளில் வருகிற மானைப் போலவே இல்லை. முகத்தில் ஒரு கோபம் இருந்தது.

சம்பந்தியைப் பார்த்தேன். அவர் நேரேதான் பார்த்துக்கொண்டிருந்தார். தலை கொஞ்சம் சரிந்திருந்தது. பெருவிரல் மெதுவாக வந்து துவக்கின் சுத்தியலில் ஏறி நின்றது. சரி, கண்டுவிட்டார் என்று நினைத்தேன். இப்போது திரும்புவார், இப்போது திரும்புவார் என்று நான் காத்திருந்தேன். அவர் திரும்பவில்லை. மான் ஒரு அடி வைத்தது. நின்றது. இன்னொரு அடி வைத்தது. அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில்தான் என் கை இருந்தது. ஒரு விரலால் தொட்டிருந்தால் போதும். நிபந்தனை வாயைத் திறக்கக்கூடாது என்பதுதான், விரலை அசைக்கக்கூடாது என்றல்ல. அது எனக்கு அந்த நேரத்திலேயே தெரிந்திருந்தது.

ஆனால் நான் தொடவில்லை. இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். மானை அவர் காணவில்லை என்பது, அது மூன்றாம் அடி வைத்தபோது எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் என் நெஞ்சுக்குள் ஒரு சின்னச் சந்தோசம் எழும்பியது. 'பெரிய வேட்டைக்காரர், கீரி பத்திரம், பார் இப்போது' என்று. வாயைத் திறக்காதே என்று சொன்னவர் அவர்தானே. அவர் சட்டத்தை நான் எழுத்துப் பிசகாமல் காத்தேன். அப்படிக் காத்தபடி, அவருக்கு வந்த மானை நடந்து போக விட்டேன். அது பற்றைக்குள் புகுந்து, வெள்ளை வாலை ஒரு தடவை காட்டிவிட்டுப் போனது. அவருடைய பெருவிரல் சுத்தியலை விட்டு இறங்கியது.

இருட்டுவதற்கு முன்பே எழும்பினோம். தோட்டாக்களைக் கழற்றினார். காருக்கு வந்து சேர்ந்ததும், "ஒண்டும் வரல்ல, என்ன?" என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் என் பக்கம் பார்த்தபடியே மறுபடியும் கேட்டார். "ஒண்டும் வரல்லயா?"

"இல்லை, சம்பந்தி" என்றேன்.

"நல்லது. வாய மூடவும் தெரியும் உங்களுக்கு" என்றார். திரும்பி வரும்போது ரேடியோவைப் போடவில்லை. நானும் பேசவில்லை, பேசலாம் என்ற பிறகும்.

மகள் வைத்த சோதனையில் நான் பாஸ். தை மாதம் பேரன் பிறந்தபோது ஆஸ்பத்திரி அறையில் ஒரு மூலையில் அவர், மறு மூலையில் நான், நடுவில் எல்லோரும் எதிர்பார்த்த சமாதானம். பேரனை அவர் கையில் கொடுத்தார்கள். முகத்தை நேர் எதிரே தூக்கிப் பிடித்து, சாவித் துவாரத்துக்குள்ளால் பார்க்கிறவரைப் போலப் பார்த்தார். அன்றைக்குத்தான் மகள் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள். மாமாவுக்குக் கண்ணில் பிரஷர். கோடையிலேயே டொக்டர் சொல்லிவிட்டார். இரண்டு பக்கப் பார்வையும் போய்விட்டது, இடப்பக்கம் முழுதாக. நேரே மட்டும் ஒரு குழாய்க்குள்ளால் பார்க்கிற அளவுக்கு மிச்சம். கார் ஓட்டுகிற லைசென்ஸைத் தானாகவே கொண்டுபோய்க் கொடுத்தவர். யாருக்கும் சொல்லவேண்டாம் என்றவர். அந்த நவம்பர்தான் கடைசி என்று அவருக்குத் தெரியும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, போர்மனின் துவக்கோடு காட்டில் இருந்து ஒரு மான் எடுக்கவேண்டும் என்று ஆசைப்பட்டவர். "அதுதான் அப்பா, உங்களைக் கூட்டிக்கொண்டு போனவர் எண்டு நினைக்கிறன்" என்றாள். நினைக்கிறன் என்று அவள் சொன்னாள்.

அந்த வசந்த காலத்தில் துவக்கைப் பெட்டியோடு போர்மனின் மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தோட்டா செய்கிற இயந்திரமும் போய்விட்டது. பேஸ்மென்ற் மேசையில் இப்போது பேரனின் விளையாட்டுச் சாமான்கள். பேரனுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. என்னைப் போல ஓயாமல் கதைக்கிறான். அவருக்கு அது ஒரு தண்டனை என்று நினைத்து நான் சந்தோசப்பட முயன்று பார்க்கிறேன். முடியவில்லை.

நாங்கள் சிநேகிதர்களாகிவிட்டோம் என்று யாரும் நினைக்கவேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அவரை அஜின்கோர்ட்டில் உள்ள கண் கிளினிக்குக்கு ஏற்றி இறக்குவது என் வேலை என்று மகள் விதித்திருக்கிறாள். காத்திருக்கும் அறையில் எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கதிரையை அவர் எப்போதும் வெறுமையாக விடுவார். என் சாரதித்துவத்தைக் குறை சொல்வார். அவருடைய தொப்பியை நான் குறை சொல்வேன். கண் மங்க மங்க, காது கூர்ந்துகொண்டு வருகிறது. கதவு திறக்கும் முன்பே, "இது டொக்டர் இல்ல, மருந்து விடுற பிள்ள" என்பார். சரியாக இருக்கும். சப்பாத்துச் சத்தத்தை வைத்தே எனக்கு ஒரு கால் நோகிறது என்று கண்டுபிடித்து, "கிழடாப் போனீங்க" என்று ஆறுதல் சொன்னவர்.

போன கிழமை. மருந்து விட்டுவிட்டு அந்தப் பிள்ளை போய்விட்டாள். அவர் கண்ணை மூடி, கன்னத்தில் ரிஷ்யூத் தாளை ஒற்றிக்கொண்டிருந்தார். மூடிய கண்ணைப் பார்த்ததும் எனக்குத் துணிவு வந்தது என்றுதான் சொல்லவேண்டும். திறந்த கண்ணுக்கு முன்னால் இரண்டு வருசத்துக்கு மேலாக முடியாமல் இருந்தது. ஒரு பகிடியோடு தொடங்கலாம் என்று தேடினேன். கிடைக்கவில்லை.

"சம்பந்தி, அண்டைக்குக் காட்டிலை ஒரு மான் வந்தது" என்றேன். "கொம்பன். இடப்பக்கம், முப்பது அடி இராது. நான் கண்டனான். உங்களுக்குத் தெரியேல்லை எண்டும் எனக்கு விளங்கினது. சொல்லேல்லை. உங்களிலை இருந்த கோவத்திலைதான் சொல்லேல்லை. பிறகு கேட்டபோது வரேல்லை எண்டு பொய்யும் சொன்னனான்."

அவர் ரிஷ்யூவை நாலாக மடித்தார். மடித்ததைச் சட்டைப் பையில் வைத்தார். கண்ணைத் திறக்கவில்லை.

"எனக்கு அண்டைக்கே கேட்டது, நீங்க சொல்லுவீங்க எண்டு இருந்தன்."